கால் ஏக்கரில் மானுக்குத் தீவனப் பாத்தி: வேட்டைப் பருவத்துக்கு முன் எதை எந்த வரிசையில் செய்வது

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் கீழ் தீபகற்பத்தில், டிட்ராய்ட்டுக்கு வடக்கே பத்து இருபது ஏக்கர் காட்டு நிலம் வாங்கியவர்கள், அல்லது அப்படி வாங்கிய நண்பரின் அனுமதியோடு வில்லோ துப்பாக்கியோ எடுத்துப் போகிறவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே வெள்ளைவால் மான் வேட்டை உரிமம் வாங்கிச் செய்யும் சட்டபூர்வமான விஷயம். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விதைப் பையில்தான் தொடங்குகிறார்கள். ஆகஸ்டில் கடைக்குப் போய், பெரிய கொம்போடு மான் படம் போட்ட பையை வாங்கி, அப்புறம் எங்கே தூவலாம் என்று இடம் தேடி, தூவிய பிறகு பரண் எங்கே கட்டலாம் என்று மரம் தேடி, முளைக்கவில்லை என்றதும் மண்ணைப் பற்றி யோசிக்கிறார்கள். போக வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். நீங்கள் எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருவீர்கள், காற்று எங்கே போகும், அடுத்து வெளிச்சம், மண், களை, கடைசியில்தான் விதை.

கணக்குக்கு ஒரு சௌகரியம்: கால் ஏக்கர் என்றால் 25 சென்ட், அதாவது 10,890 சதுர அடி. அமெரிக்காவில் எல்லா அளவும் ஏக்கருக்கு எத்தனை பவுண்டு என்றுதான் இருக்கும். அதை நூறால் வகுத்தால் ஒரு சென்ட்டுக்கு உரியது வந்துவிடும், நம் ஆட்களுக்கு இது கைவந்த கணக்கு. கீழே எல்லாவற்றையும் 25 சென்ட்டுக்கே சொல்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிராக்டர் வேண்டாம். முதுகில் மாட்டும் நாலு காலன் தெளிப்பான், கழுத்தில் தொங்கவிட்டுக் கைப்பிடியைச் சுற்றும் விதை தூவி, இரும்புப் பல் வைத்த வாரி, செயின்சா, புல்வெளியில் உருட்டும் தண்ணீர் ரோலர், இலை ஊதும் கருவி. நாலு சக்கர ஏடிவியும் அதன் பின்னால் இழுக்கும் சங்கிலிப் பரம்பும் இருந்தால் பாதி முதுகுவலி மிச்சம், இல்லையென்றாலும் 25 சென்ட்டைக் கையால் முடிக்கலாம்.

இவற்றோடு ஒரு மண் பரிசோதனை உறை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் கிடைக்கும். இதை முதலில் வாங்குங்கள், ஏன் என்று நாலாவது படியில் வரும்.

உண்ணி பற்றியும் ஒரு வார்த்தை. வசந்த காலத்தில் இந்தக் காடுகளில் வேலை செய்தால் மான் உண்ணி ஏறும், லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம் வரை பாருங்கள்.

2. சட்டம்: பயிர் வேறு, இரை வேறு

2015-இல் மிச்சிகனின் காட்டு மான்களில் நாட்பட்ட மெலிவு நோய் (மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் தொற்று, ஆங்கிலத்தில் CWD) கண்டுபிடிக்கப்பட்டது. பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் அது பரவும் என்பதால் 2019 ஜனவரி 31 முதல் கீழ் தீபகற்பத்தில் இரை கொட்டி மானை வரவழைப்பதற்குத் தடை வந்தது. மக்காச்சோளம், கேரட், சர்க்கரை பீட் கிழங்கு, உப்புக்கட்டி என எதையும் கொண்டுவந்து கொட்டக் கூடாது. அதே இடத்தில் நீங்களே விதைத்து வளர்த்து, வேரோடு நிற்கும் பயிர் இரை ஆகாது.

பயிர் சரியாக வரவில்லை என்று மேலே ரெண்டு மூட்டை சோளத்தைத் தூவுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விதிகள் மாறக்கூடியவை, அதனால் மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் அந்த வருடத்து வேட்டை விதித் தொகுப்பைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள். அரசு நிலத்தில் பாத்தி போடவோ செடி வெட்டவோ அனுமதி இல்லை. ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் உரிமையாளர் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது, எனவே பக்கத்து வீட்டை அளந்துவிட்டு இடம் குறியுங்கள். 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

3. இடம் குறித்தல்: காற்றும் உங்கள் நடையும்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதில் தவறினாலும் அடுத்த வருடம் திருத்திவிடலாம். தவறான இடத்தில் மரம் வெட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும்.

மான் பகலில் படுக்கும் இடம் ஒன்று இருக்கும். சதுப்போ, அடர்ந்த புதரோ, ஊசியிலை மரக் கூட்டமோ. சாயங்காலம் அங்கிருந்து எழுந்து பெரிய வயலை நோக்கிப் போகும். அந்தப் பாதையில், இருட்டுவதற்கு முன்னால் நின்று ரெண்டு வாய் மேய்ந்துவிட்டுப் போகிற மாதிரியான இடத்தில்தான் சின்னப் பாத்திக்கு வேலை. பெரிய சோயா வயலோடு போட்டி போட 25 சென்ட்டால் முடியாது, அதற்கு முயற்சிக்கவும் வேண்டாம்.

மார்ச் மாதத்தில், பனி உருகியதும் இலை வருவதற்குள் நிலத்தை நடந்து பாருங்கள். குளிர்காலத்தில் மான் போட்ட தடம், கொம்பு உரசிய மரம், படுக்கை எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கோடையில் புதர் மூடிவிடும், இலையுதிர் காலத்தில் நடந்தால் மானைக் கலைத்துவிடுவீர்கள்.

காற்று மிச்சிகனில் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கு, வடமேற்கிலிருந்து வரும். ஆகவே படுக்கை மேற்கிலும் உங்கள் பரண் பாத்திக்குக் கிழக்கிலும் இருந்தால் உங்கள் வாசனை மானிடம் போகாது. ஆனால் சாயங்காலம் வேறு கதை. வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். பாத்தி பள்ளத்திலும் பரண் மேட்டிலும் இருந்தால் கடைசி அரை மணி நேரம், அதாவது மான் வரும் நேரத்தில், உங்கள் வாசனை முழுவதும் பாத்தியில் போய்த் தேங்கும். மில்க்வீட் காய் வெடித்த பஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், நம் எருக்கஞ்செடியின் உறவுக்காரச் செடிதான் அது. பரண் கட்ட நினைக்கும் மரத்தடியில் நின்று சூரியன் மறையும் நேரத்தில் ஒரு இழையை விட்டுப் பாருங்கள். முதலில் காற்றோடு போகும், இருபது முப்பது அடி தள்ளி மெல்ல இறங்கி எந்தப் பக்கம் தவழ்கிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் வாசனையும் தவழும். வானிலைச் செயலி இதைச் சொல்லாது.

அடுத்து நீங்கள் வரும் வழி. பாத்தியைக் குறுக்கே கடந்து பரணுக்குப் போகிற மாதிரி இருக்கக் கூடாது, மான் வரும் தடத்தை மிதிக்கவும் கூடாது. அதைவிடப் பலரும் நினைத்துப் பார்க்காதது திரும்பும் வழி. இருட்டிவிட்டது, பாத்தியில் மான்கள் மேய்கின்றன, நீங்கள் பரணிலிருந்து இறங்கினால் அத்தனையும் சீறிக்கொண்டு ஓடும், அப்படி ரெண்டு தடவை ஆனால் அவை பகலில் வருவதை நிறுத்திவிடும். ஓடைப் பள்ளம் வழியாகவோ வேலி ஓரமாகவோ மறைந்து வெளியேற வழி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்தவெளிதான் இருக்கிறது என்றால் மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் நடைபாதை ஓரம் சோர்கம் சூடான் புல் (சோளப்பயிர் மாதிரி உயரமாக வளரும் தீவனப் புல்) விதைத்தால் அக்டோபரில் ஆள் உயரத்துக்கு மேல் திரையாக நிற்கும்.

வடிவம் சதுரமாக வேண்டாம். சதுரப் பாத்தியில் மான் எந்த மூலையிலும் நிற்கலாம். நடுவில் வளைந்தோ இடுப்பு ஒடுங்கியோ இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மான் அந்த ஒடுக்கத்தைக் கடந்தாக வேண்டும். பரண் அந்த ஒடுக்கத்துக்கு இருபது கெஜத்தில் இருக்கட்டும், வில்லுக்கு அது வசதியான தூரம்.

4. வெளிச்சம், வெட்டு, மண், சுண்ணாம்பு

நாளுக்குக் குறைந்தது நாலு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும், ஆறு என்றால் நல்லது. நாலு மணி வெயிலில் குளோவரும் (மூவிலைத் தீவனச் செடி) ரையும் (கோதுமை மாதிரியான தானியம்) சமாளிக்கும், டர்னிப் (முள்ளங்கி மாதிரியான கிழங்குச் செடி) சமாளிக்காது. மரம் வெட்டும்போது தெற்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், நிழல் விழுவது அங்கிருந்துதான்.

வெள்ளை ஓக் மரம் இருந்தால் தொடாதீர்கள். அதன் காய் விழும் இடத்துக்கு மான் எப்படியும் வரும். வேறு ஓக்கை வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை வெட்டாதீர்கள். புதுக் காயத்துக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைப் பரப்பும், ஒரு மரத்தில் தொற்றினால் வேர் வழியாகப் பக்கத்து மரங்களுக்கும் போகும். பனிக்காலத்தில் வெட்டிவிடுவதே உத்தமம்.

மரம் போன இடத்தில் ஒரு பக்கெட் எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, மேல் இலைக்குப்பையைத் தள்ளிவிட்டு, கலந்து, அதிலிருந்து உறை நிறைய அனுப்புங்கள். ஒரே இடத்தில் எடுத்து அனுப்பினால் அந்த ஒரு இடத்தைப் பற்றிய அறிக்கைதான் வரும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பிஹெச், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம். காட்டு மண் பெரும்பாலும் புளித்த மண், 5 அல்லது 5.5 என்று வருவது சகஜம். நமக்கு 6-க்கு மேல் வேண்டும், குளோவருக்கு 6.5. புளித்த மண்ணில் நீங்கள் போடும் உரத்தின் மணிச்சத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. சுண்ணாம்புக்குக் கஞ்சத்தனம் பார்த்துவிட்டு விலை கூடிய விதையும் உரமும் வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், காசு மண்ணுக்குள்தான் போகிறது.

ஏக்கருக்கு ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு என்று அறிக்கை சொன்னால் 25 சென்ட்டுக்கு 500 பவுண்டு. குருணைச் சுண்ணாம்பு 40 பவுண்டு மூட்டையாக வரும், பன்னிரண்டரை மூட்டை. ரெண்டு டன் என்றால் இருபத்தைந்து மூட்டை, ஆம், அத்தனையும் சுமக்க வேண்டியதுதான். இது வேலை செய்யப் பல மாதங்கள் எடுக்கும், அதனால்தான் மண் பரிசோதனையை முதலில் வாங்கச் சொன்னேன். ஏப்ரலில் போட்ட சுண்ணாம்பு ஆகஸ்ட் விதைப்புக்கு ஓரளவாவது கைகொடுக்கும், ஆகஸ்டில் போட்டது அடுத்த வருடத்துக்குத்தான். முடிந்தால் மேல் மண்ணோடு வாரிக் கலந்துவிடுங்கள், மேலேயே கிடந்தால் இன்னும் மெதுவாக இறங்கும்.

5. களையைக் கொல்வது

புல்லும் பெரணியும் அப்படியே இருக்க மேலே விதையைத் தூவினால் ஒன்றும் வராது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்துப் பழையதை வேரோடு சாகடிக்க வேண்டும். களை ஆறேழு அங்குலம் பச்சையாக, சுறுசுறுப்பாக வளரும்போது தெளியுங்கள். வெட்டிய மறுநாளோ, வறட்சியில் சுருண்டு கிடக்கும்போதோ தெளித்தால் மருந்தை உள்ளே இழுக்காது.

குட்டைத் தண்ணீரில் கலக்காதீர்கள். கலங்கல் மண் துகளில் மருந்து ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அளவு லேபிளில் உள்ளபடி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், காற்று அடிக்கும் நாளில் வேண்டாம்.

புதியவர்கள் கடையில் தவறவிடும் ஒன்று: அதே பிராண்டில், அதே நிறக் குடுவையில், ‘மாதக்கணக்கில் களை வராது’ என்று எழுதிய வகை பக்கத்திலேயே இருக்கும். அது கார் நிறுத்தும் தளத்துக்கானது, அதில் மண்ணில் தங்கி முளைப்பைத் தடுக்கும் வேறு மருந்தும் சேர்ந்திருக்கும். அதைத் தெளித்தால் உங்கள் விதையும் முளைக்காது. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, செயல்படும் பொருள் என்ற வரியில் கிளைஃபோசேட் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெளித்து ரெண்டு வாரம் விடுங்கள். எங்கே விட்டுப்போனது என்று பச்சைத் திட்டுகளாகத் தெரியும், அங்கே மட்டும் இன்னொரு தடவை. அவசரப்பட்டு உழுதுவிட்டால், அடியில் தூங்கிக்கொண்டிருந்த புதுக் களை விதைகளை மேலே கொண்டுவந்து முளைக்க வைத்ததுதான் மிச்சம். ஆழ உழ வேண்டிய அவசியமே இல்லை, மேலே ஓர் அங்குலம் கிளறினால் போதும்.

6. விதை

சோயாவும் மக்காச்சோளமும் 25 சென்ட்டில் வேண்டாம். சோயா முளைத்து நாலு இலை விடும்போதே ஒரு தாயும் குட்டிகளும் வந்து ஜூலைக்குள் மொட்டையடித்துவிடும், பருவம் தொடங்கும்போது குச்சி மட்டும் நிற்கும். மின்வேலி போட்டால் காப்பாற்றலாம், ஆனால் இந்த அளவு இடத்துக்கு அது தேவையற்ற செலவு. மேய மேயத் துளிர்க்கும் செடிகளும், பருவத்துக்குப் பக்கத்தில் விதைத்துச் சீக்கிரம் வளர்பவையும்தான் நமக்கு.

நான் சொல்வது இரண்டு பட்டைகள். பெரிய பட்டை 17 சென்ட், அதில் குளிர்கால ரை, ஓட்ஸ், வெள்ளைக் குளோவர். சின்னப் பட்டை 8 சென்ட், அதில் ஊதாத் தலை டர்னிப்.

ஓட்ஸ் செப்டம்பர், அக்டோபரில் மானுக்கு முதல் விருப்பம், கடுங்குளிர் வந்ததும் செத்துவிடும். ரை சாகாது, பனிக்கு அடியிலும் பச்சையாக இருந்து டிசம்பரிலும் மேய்ச்சல் தரும். குளோவர் அந்த இரண்டின் நிழலில் மெதுவாக வேர் பிடித்து அடுத்த வருடம் பாத்தியை எடுத்துக்கொள்ளும். டர்னிப் இலை உறைபனி விழுந்த பிறகு இனிக்கும், நவம்பர் கடைசியிலிருந்து கிழங்கையும் தோண்டித் தின்னும். இந்தச் செடிகளை இதுவரை பார்க்காத மான்கள் முதல் வருடம் டர்னிப்பைத் தொடாமல் போகலாம், அதனால்தான் அதற்குச் சின்னப் பட்டை.

அளவு: ரை 10 பவுண்டு, ஓட்ஸ் எட்டரை, குளோவர் ஒன்று. டர்னிப் அரைப் பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஆம், அவ்வளவுதான். டர்னிப் விதை பார்க்க நம் கடுகேதான், குடும்பமும் அதே குடும்பம். ஒரு பிடிக்குள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரெண்டு பவுண்டு பை வாங்கி, மிச்சம் எதற்கு என்று முழுவதையும் தூவிவிடுவது புதியவர்கள் செய்யும் வேலை. செடிகள் ஒன்றையொன்று நெருக்கி உள்ளங்கை அளவு இலையோடு மஞ்சளாக நின்றுவிடும், கிழங்கு வைக்காது. மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

ரை வாங்கும்போது கவனம். ரைகிராஸ் என்ற புல்விதையும் அதே அலமாரியில் இருக்கும், அது வேறு செடி, மானுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஒருமுறை பரவினால் ஒழிப்பது கஷ்டம். தானிய ரை விதை கோதுமை மணி அளவுக்கு இருக்கும். விவசாயக் கூட்டுறவுக் கடையில் 50 பவுண்டு மூட்டையாகக் கேளுங்கள், படம் போட்ட பையைவிட மிக மலிவு.

பையின் பின்னால் ஒரு சீட்டு தைத்திருப்பார்கள், முளைப்புத் திறன் எவ்வளவு, எந்த மாதம் சோதித்தது, களை விதை எவ்வளவு என்று இருக்கும். குளோவர் விதைக்குப் பூச்சு போட்டிருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பூச்சுதான், அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள். பூச்சு இல்லாத குளோவர் என்றால் வேர்முடிச்சுப் பாக்டீரியாப் பொடியைத் தனியாக வாங்கி, லேசாக ஈரமாக்கிய விதையில் பிசறி அன்றே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காரின் பின்னால் வைத்திருந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

7. நாள் பார்ப்பது

மத்திய மிச்சிகனுக்கு டர்னிப்: ஜூலை மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை. கிழங்கு வைக்கக் குறைந்தது அறுபது நாள் வேண்டும். ரை, ஓட்ஸ், குளோவர்: ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 10 வரை. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஓட்ஸ் போட்டால் அக்டோபருக்குள் முற்றித் தண்டு கடினமாகிவிடும், மான் இளம் துளிரைத்தான் தேடும்.

எனவே களைக்கொல்லியும் ரெண்டு தவணை. டர்னிப் பட்டைக்கு ஜூலை தொடக்கம், மற்றதற்கு ஆகஸ்ட் முதல் பத்து நாள்.

இந்த நாட்களுக்குள் மழையைப் பார்த்து விதையுங்கள். அரை அங்குலமாவது வரும் என்று முன்னறிவிப்பு இருக்கும் நாளுக்கு முந்தைய நாள்தான் சரியான நாள். விடுமுறை கிடைத்தது என்று சனிக்கிழமை காய்ந்த புழுதியில் தூவிவிட்டு வந்தால், லேசான தூறலில் டர்னிப் முளைத்து, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகிவிடும். ரை கிடந்து பொறுத்துக்கொள்ளும், டர்னிப் பொறுக்காது.

8. விதைப்பு வரிசை

இதில் வரிசை மாறினால் விதை வீண்.

முதலில் உரத்தைத் தூவி மேல் மண்ணை ஓர் அங்குலம் கிளறுங்கள். அப்புறம் பெரிய விதை, ரையும் ஓட்ஸும். பாதியை வடக்கு தெற்காக நடந்து தூவுங்கள், மீதிப் பாதியைக் கிழக்கு மேற்காக, அப்போதுதான் விட்டுப்போன கோடுகள் விழாது. வாரியாலோ பரம்பாலோ இழுத்து ஓர் அங்குலத்துக்கு மூடுங்கள். பிறகு ரோலரை உருட்டுங்கள்.

இப்போது உங்கள் குதிகாலை அழுத்தி நடந்து பாருங்கள். தடம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் இன்னும் பொலபொலப்பாக இருக்கிறது, மறுபடி உருட்டுங்கள். அது இறுகிய பிறகுதான் குளோவர். அந்தக் குட்டி விதையை மேலேயே தூவிவிட்டு, மூடாமல், கடைசியாக ஒரு தடவை உருட்டினால் போதும். கால் அங்குலத்துக்குக் கீழே போனால் அது மேலே வராது. எல்லா விதையையும் ஒரே பையில் கலந்து தூவிப் பரம்பை இழுக்கிறவர்களுக்கு ரை பிரமாதமாக வரும், குளோவரைத் தேட வேண்டியிருக்கும்.

டர்னிப்பும் குளோவர் மாதிரிதான், இறுகிய மண்ணின் மேலே. அரைப் பவுண்டை 8 சென்ட்டுக்குச் சீராகத் தூவுவது கஷ்டம், கருவியின் வாயை எவ்வளவு சுருக்கினாலும் பாதியிலேயே தீர்ந்துவிடும். பத்துப் பவுண்டு காய்ந்த மணலையோ குருணைச் சுண்ணாம்பையோ கலந்துகொள்ளுங்கள்.

மண்ணைக் கிளறவே வழியில்லாத, வேரும் கல்லுமாக இருக்கிற இடமென்றால் இன்னொரு முறை உண்டு. மழைக்கு முந்தைய நாள், நின்றுகொண்டிருக்கும் களைக்கு நடுவிலேயே ரையையும் குளோவரையும் தூவி, களைக்கொல்லி தெளித்து, பிறகு களையைச் சாய்த்தோ வெட்டியோ மேலே மூடாக்காக விட்டுவிடுவது. மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரை அளவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், ஓட்ஸை விட்டுவிடுங்கள், மண்ணுக்கு மேலே கிடந்தால் அது சரியாக முளைக்காது. அடர்ந்த புல்தரையில் இந்த முறை எடுபடாது, விதை மண்ணைத் தொட வேண்டுமே.

9. உரம்

மண் அறிக்கை சொல்வதைப் போடுங்கள். அறிக்கையே இல்லையென்றால் 19-19-19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 19 சதவீதம்) 25 சென்ட்டுக்கு 75 பவுண்டு என்பது பொதுவான அளவு. டர்னிப் முளைத்து மூன்று நாலு வாரத்தில், மழைக்குச் சற்று முன்னால், அந்த 8 சென்ட்டுக்குப் பத்துப் பவுண்டு யூரியா மேலுரம். ஈர இலையில் போடாதீர்கள், கருக்கிவிடும். மழையில்லாத வெயிலில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

வீட்டுப் புல்வெளிக்குப் போட்டு மிச்சமான உரத்தைக் கொண்டுவர வேண்டாம். பலவற்றில் அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். குளோவரும் டர்னிப்பும் அகன்ற இலைதானே.

10. கூண்டும் கேமராவும்

நாலடி உயரக் கம்பி வலையை மூன்றடி அகலத்துக்கு வளையமாகச் சுற்றிப் பாத்தியின் நடுவில் முளையடித்து நிறுத்துங்கள், விதைத்த அன்றே. ஒரு மாதம் கழித்து உள்ளே பயிர் முழங்கால் உயரம், வெளியே ரெண்டு அங்குலம் என்றால் மான்கள் தின்றுகொண்டிருக்கின்றன, பாத்திதான் போதவில்லை. உள்ளேயும் ரெண்டு அங்குலம் என்றால் குறை மண்ணிலோ விதைப்பிலோ. இந்தக் கூண்டு இல்லாமல் ‘ஒன்றுமே வளரவில்லை’ என்று சொல்கிறவர்களில் பலருக்கு நன்றாகவே வளர்ந்திருக்கும், மிச்சம் வைக்கத்தான் ஆள் இல்லை.

மான் வருவதைப் படம் பிடிக்க மரத்தில் கட்டும் கேமரா, கைப்பேசிக்குப் படம் அனுப்பும் வகையாக இருந்தால் நல்லது. கேமராவின் நினைவக அட்டையை எடுக்க வாரா வாரம் நடந்தால், மூன்றாவது படியில் பட்ட பாடு வீண். அக்டோபர் நடுவில் இலை உதிரும்போது ஒருமுறை மதிய நேரத்தில் போய் இலை ஊதியால் ஊதிவிடுங்கள், ஓக் இலை ஈரமாகப் படிந்தால் குளோவர் நாற்றுகள் அடியில் அழுகிவிடும்.

11. பருவத்தில்

வில் பருவம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. துப்பாக்கிப் பருவத்தில் ஆரஞ்சு உடை கட்டாயம். பரணில் ஏறும் ஒவ்வொரு முறையும், தவறினாலும் கீழே விழாமல் மரத்தோடு பிடித்துக்கொள்ளும் உடல்வார் மாட்டியிருக்க வேண்டும், தரையை விட்டுக் கால் எடுப்பதற்கு முன்பே.

காலையில் பாத்திக்குப் போகாதீர்கள். இருட்டில் அங்கே மான் மேய்ந்துகொண்டிருக்கும், நீங்கள் போகும் சத்தத்திலேயே கலைந்துவிடும். பாத்தி சாயங்காலத்துக்கு. காற்று தவறான பக்கத்திலிருந்து வந்தால் அன்றைக்கு வீட்டில் இருங்கள், எத்தனை தூரம் ஓட்டி வந்திருந்தாலும். இந்த ஒன்றைத்தான் யாருக்கும் புரிய வைக்க முடிவதில்லை, சனிக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கிறவருக்குச் சனிக்கிழமைக் காற்று எப்போதும் சரியாகத்தான் தெரிகிறது.

இருட்டிய பிறகும் பாத்தியில் மான் நின்றால் இறங்காமல் காத்திருங்கள். கூட வந்தவர் ஏடிவியிலோ வண்டியிலோ பாத்தி வரை வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போகட்டும். வண்டியைக் கண்டு மான் ஒதுங்கிப் போகும், பரணை நினைவில் வைத்துக்கொள்ளாது.

அக்டோபரில் திடீரென்று பாத்தி காலியானால் பயப்படாதீர்கள், ஓக் காய் விழ ஆரம்பித்திருக்கும். காய் தீர்ந்ததும் திரும்பும். நவம்பர் முதல் பாதியில் இணை சேரும் காலம், அப்போது கொம்பு மான் பாத்திக்குள் வராமல், காற்று போகும் பக்கத்து ஓரமாக மோப்பம் பிடித்தபடி நடந்து, உள்ளே பெட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் பாத்தியைப் பார்க்காமல் அந்த ஓரத்தடத்தைப் பார்க்கிற இன்னொரு பரண் இருந்தால் உபயோகம்.

12. மார்ச்சில் மறுபடி

ராத்திரி உறைந்து பகலில் இளகும் நாட்களில் மண் மேலே சின்னச் சின்ன வெடிப்பு விடும். விடியற்காலையில், மண் கெட்டியாக இருக்கும்போது, குளோவர் சொட்டையாக இருக்கும் இடங்களில் ஒரு பவுண்டு விதையைத் தூவிவிட்டு வாருங்கள். வெடிப்பு விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும், வாரவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம்.

ரை ஏப்ரலில் விருட்டென்று கிளம்பும், விட்டால் நாலைந்து அடி போகும். முழங்கால் உயரம் வந்ததும் கத்தியை ஆறு எட்டு அங்குலம் உயர்த்தி வைத்து வெட்டினால் குளோவருக்கு வெளிச்சம் கிடைக்கும். டர்னிப் பட்டையை மட்டும் இடம் மாற்றுங்கள், அதே மண்ணில் தொடர்ந்து போட்டால் வேர் நோய் வரும். டர்னிப் நின்ற 8 சென்ட்டில் இந்த ஆகஸ்டில் ரையும் ஓட்ஸும், பெரிய பட்டையில் குளோவர் சரியாகப் பிடிக்காத ஓரத்தில் டர்னிப்.